மழைக்கு முன்னாடி தோட்ட வேலை: கை உடைஞ்சா யார் காசு?

ஆயுத பூஜைக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்புறவங்களுக்கு இந்த வாட்ஸ்அப் மெசேஜ் பழக்கமா இருக்கும்: "ரெண்டு நாள் சேத்து லீவு போட்டுட்டு வாப்பா. மழைக்கு முன்னாடி வேலை கிடக்கு."

வேலைன்னா என்னன்னு நமக்குத் தெரியும். வேப்பங்கிளை கரண்ட் வயரில் உரசுது. தென்னையில் காய்ந்த மட்டை தொங்குது. முருங்கையை இப்பவே கழிக்காவிட்டால் முதல் காற்றுக்கே முறிந்து பக்கத்து வீட்டு ஷீட் மேல் விழும். மொட்டை மாடியில் தண்ணீர் போகிற குழாயில் சருகு அடைச்சிருக்கு. வீட்டுக்குப் பின்னால் புல் முழங்கால் உயரம்.

வருஷம் பூரா நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டின உடம்பு, ஒரே நாளில் அரிவாளும் ஏணியுமாக இறங்குது. கூடவே அறுபது வயசைத் தாண்டின அப்பாவும், "நீ தள்ளு, உனக்குத் தெரியாது"ன்னு இறங்குறார். அடிபட எல்லா ஏற்பாடும் ரெடி.

நான் கணக்குப் பார்க்கிற ஆள், டாக்டர் இல்லை. ஆனால் இந்த சீசனில் வருகிற அடிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அதைப் பலரும் ஆஸ்பத்திரி பில்லோட முடிச்சுக்கிறாங்க. பில் சின்னதா இருக்கும், நஷ்டம் வேறு பக்கம் இருக்கும். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் நீங்க செய்யுற, சொல்லுற விஷயங்கள் உடம்பையும் காப்பாத்தும், கிளெய்மையும் காப்பாத்தும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியாது, அதனால சேர்த்தே எழுதறேன்.

மாவுக்கட்டுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வராது

மாடியில் பாசி. வழுக்குது. விழும்போது யாராக இருந்தாலும் கையை ஊன்றுவோம். மணிக்கட்டு எலும்பு விரிசல் விடுது. எக்ஸ்ரே, டாக்டர் ஃபீஸ், மாவுக்கட்டு, வலி மாத்திரை. சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம். கட்டு சுமார் ஆறு வாரம்.

இதில் கம்பெனி கொடுத்த 5 லட்சம் மெடிக்கல் பாலிசி எவ்வளவு தரும்? பெரும்பாலும் பூஜ்யம். சாதாரண மருத்துவக் காப்பீடு 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருந்தால், அல்லது பாலிசிப் பட்டியலில் உள்ள டே கேர் சிகிச்சை என்றால்தான் பணம் தரும். புறநோயாளியாகப் போய் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அது ஓ.பி செலவு. ஓ.பி கவர் தனியாக இருந்தால் ஒழிய உங்க பாக்கெட்தான்.

சரி, அந்த சில ஆயிரம் ரூபாயைத் தாங்கிடலாம். அடுத்த கணக்கைப் பாருங்க. மாசம் ₹60,000 சம்பளம்னு வச்சுக்குவோம், நாளுக்கு ₹2,000. ஆறு வாரம்னா 42 நாள். வலது கை. டைப் அடிக்க முடியாது, பைக் ஓட்ட முடியாது. கையிருப்பு லீவு 12 நாளுக்குச் சரியாகும். மீதி 30 நாள் எல்.ஓ.பி. ₹60,000 போச்சு. இ.எம்.ஐ-யும் வாடகையும் மட்டும் வழக்கம் போல 5-ஆம் தேதி வந்து நிக்கும்.

உங்க மேனேஜர் நல்லவராக இருந்து வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டால் தப்பிச்சீங்க. ஃபீல்டு வேலை, சேல்ஸ், லேப், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறவங்களுக்கு அந்த வழி கிடையாது.

இந்த நஷ்டத்துக்குன்னே இருக்கிறது பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. டேர்ம் பாலிசியும் மெடிக்கல் பாலிசியும் எடுத்தவங்ககூட இதைக் கண்டுக்கிறதே இல்லை. இதில் பார்க்க வேண்டிய வரி ஒன்று: தற்காலிக முழு ஊனம், அதாவது விபத்தால் கொஞ்ச நாள் வேலைக்கே போக முடியாத நிலை. அதற்கு வாரா வாரம் ஒரு தொகை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டுவந்த 'சரல் சுரக்ஷா பீமா' என்கிற பொதுவான பாலிசியில் இது விருப்பத் தேர்வு. அடிப்படைத் தொகையில் 0.2 சதவீதம் வாரத்துக்கு. 25 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வாரம் ₹5,000, ஆறு வாரத்துக்கு ₹30,000. மேலே சொன்ன நஷ்டத்தில் பாதி.

ரெண்டு எச்சரிக்கை. இந்தத் தேர்வை டிக் பண்ணாமல் வெறும் இறப்பு, நிரந்தர ஊனத்துக்கு மட்டும் எடுத்திருந்தால் கை உடைஞ்சதுக்கு ஒரு ரூபாய் வராது. அடுத்தது, 'வேலைக்கே போக முடியாது'ன்னு டாக்டர் எழுதித் தரணும். இடது கையால் லாகின் பண்ணி வேலை பார்த்துக்கிட்டே இதைக் கேட்கக் கூடாது, கேட்டாலும் கிடைக்காது.

மாதச் சம்பளம் ₹21,000 வரைக்கும் உள்ளவங்க இ.எஸ்.ஐ-யில் இருப்பீங்க. பே ஸ்லிப்பில் 0.75 சதவீதம் பிடிக்கிறாங்களே, அதேதான். வீட்டில் விழுந்த அடி பணி விபத்தாகாது, ஆனால் நோய்க்கால உதவித்தொகை உண்டு: சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும், தேவையான 78 நாள் சந்தா கட்டியிருந்தால். இதற்கு இ.எஸ்.ஐ டாக்டரின் சான்று வேணும். "அங்கெல்லாம் யார் போவா"ன்னு தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டுட்டு சும்மா இருக்கிறவங்கதான் அதிகம். அந்த 70 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நமக்கு வசதி இருக்கா?

கைக்கு வருவோம். விழுந்தவுடனே மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றிடுங்க. வீங்கின பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும். மடித்த செய்தித்தாள் அல்லது ஸ்கேலை வைத்து அசையாமல் கட்டி, துண்டால் கழுத்தில் தொங்கவிட்டு எக்ஸ்ரேவுக்குப் போங்க. ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிஷம் வைக்கலாம். சூடான ஒத்தடமும் தைலம் போட்டு உருவுறதும் முதல் ரெண்டு நாளில் வேண்டவே வேண்டாம், வீக்கம்தான் கூடும்.

"எக்ஸ்ரே எதுக்கு, நேரா புத்தூர் கட்டுப் போட்டுக்கலாம்"னு சொல்ற ஒரு மாமா எல்லா வீட்டிலும் உண்டு. அவரோட நான் சண்டைக்குப் போகலை. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு டாக்டர் பார்த்த பிறகு உங்க முடிவு. ஆனால் எந்தக் கட்டாக இருந்தாலும், போட்ட பிறகு விரல் நுனி ஜில்லென்று ஆனாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கிட்டே போனாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. கட்டு இறுக்கி ரத்த ஓட்டம் நின்றால் கையே போகும். அதே ராத்திரி எமர்ஜென்சிக்குப் போகணும்.

அப்பா ஏணியில் ஏறினால்

உங்க கை உடைஞ்சால் நஷ்டம் ஆயிரங்களில். அப்பா விழுந்தால் அது லட்சத்துக்குப் போகும், அதுவும் உங்க அக்கவுண்டிலிருந்து.

கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மா இருக்காங்களா? இந்தக் கேள்விக்கு "இருக்கும்னு நினைக்கிறேன்"னு பதில் சொல்றவங்க, இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு இ-கார்டைத் திறந்து பாருங்க. பல கம்பெனிகளில் நீங்க, துணை, குழந்தைகள் மட்டும்தான். பெற்றோரைச் சேர்க்கணும்னா வேலையில் சேரும்போதோ, வருஷம் ஒரு தடவை பாலிசி புதுப்பிக்கும்போதோ கேட்கிற அந்த ஒரு மெயிலில்தான் சேர்க்க முடியும். சேர்த்திருந்தாலும் அவங்களுக்குக் கோ-பே இருக்கலாம், பில்லில் இத்தனை சதவீதம் நீங்க கட்டணும்னு. ரூம் வாடகை வரம்பு இருந்தால் அதைத் தாண்டின ரூமை எடுத்ததுக்காக பில்லின் மற்ற சில செலவுகளிலும் விகிதப்படி கழிப்பாங்க.

இப்போ ஒரு நல்ல விஷயம். பாலிசி எடுத்த முதல் 30 நாள் நோய்களுக்கு எதுவும் கிடைக்காது, ஆனால் விபத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. மூட்டு மாற்று மாதிரி குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான நீண்ட காத்திருப்பும் விபத்தால் வந்தது என்றால் பொருந்தாது. அப்பாவுக்கு சுகர், பி.பி இருக்குன்னு பாலிசி எடுக்காமலே தள்ளிப்போடுறவங்க இதைக் கவனிங்க. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூணு வருஷம் காத்திருக்க வேண்டி வரலாம், விழுந்த அடிக்கு முதல் நாளிலிருந்தே கவர். தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜி.எஸ்.டி-யும் கிடையாது.

'விபத்து' என்கிற அந்த ஒரு சொல் காகிதத்தில் வரணும் என்பதுதான் இங்கே சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு கிளையன்ட்டோட அப்பா மாடிப் படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சது. எமர்ஜென்சியில் பதற்றத்தோட இருந்த அம்மா, "தலை சுத்தி விழுந்துட்டார் போல, பி.பி இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. டூட்டி டாக்டர் அப்படியே எழுதினார். இன்ஷூரன்ஸ் கம்பெனி உடனே பிடிச்சுக்கிச்சு: தலைசுற்றல் எதனால், பி.பி எத்தனை வருஷமா, பழைய சீட்டு எங்கே. கேஷ்லெஸ் நின்னுபோச்சு. பையன் கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கட்டி, கூட இருந்து பார்த்தவரிடம் எழுதி வாங்கி, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, மாசக்கணக்கில் அலைந்து வாங்கினார். கார்டு வட்டியை யாரும் திருப்பித் தரலை.

பொய் சொல்லச் சொல்லலை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க: எங்கே, எத்தனை மணிக்கு, எதில் வழுக்கி, எவ்வளவு உயரத்திலிருந்து. உண்மையிலேயே தலை சுற்றித்தான் விழுந்தார்னா அதைக் கண்டிப்பா சொல்லணும், டாக்டருக்கு அது உயிர் விஷயம். தெரியாததை ஊகிச்சுச் சொல்லாதீங்க, அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவாங்க. அந்த 'ஏ.ஆர் காப்பி'யைக் கேட்டு வாங்கி வச்சுக்குங்க.

பெரியவர் விழுந்து கிடக்கும்போது நாலு பேர் கையைப் பிடிச்சுத் தூக்கி உட்கார வைக்கிறது நம்ம ஊர்ப் பழக்கம். கழுத்திலோ முதுகிலோ வலின்னு சொன்னால், கை கால் மரத்துப் போச்சுன்னு சொன்னால், ஆள் உயரத்துக்கு மேலிருந்து விழுந்திருந்தால் அசைக்காதீங்க. ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீங்க. 108-க்கு அடிங்க. தண்ணீர், காபி எதுவும் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் "ஒண்ணுமில்ல, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்"னுதான் சொல்வார். நம்பாதீங்க.

தலையில் அடின்னா இன்னொரு கேள்வி கேட்கணும்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறாரா? ஸ்டென்ட் வச்சவங்க பலர் சாப்பிடுவாங்க. அவங்களுக்கு வெளியே காயமே தெரியலைன்னாலும் டாக்டரிடம் காட்டி ஸ்கேன் வேணுமான்னு கேட்டுடுங்க. மற்றவங்களுக்கும் முதல் 24 மணி நேரத்தில் வாந்தி, அசாதாரணத் தூக்கம், பேச்சுக் குழறல், கூடிக்கிட்டே போகிற தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அட்மிட் ஆனால் 24 மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லிடுங்க. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் அன்று மூணு மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல் விதி போட்டிருக்கு. டெஸ்க்கில் இழுத்தடிச்சால் இந்த நேரக் கணக்கைச் சொல்லிக் கேளுங்க.

அப்பாவுக்கு அறுபது ஆகிடுச்சு, பாலிசியே இல்லை, நீங்கதான் பில் கட்டுறீங்கன்னா, பழைய வரி முறையில் 80டி-யில் அந்த மருத்துவச் செலவையே ₹50,000 வரைக்கும் கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. யு.பி.ஐ, கார்டு, எதிலாவது கட்டுங்க. புது வரி முறையில் இருக்கிறவங்களுக்கு இது கிடையாது.

இதெல்லாம் விழுந்த பிறகு. விழாமல் இருக்க ஏணிக்கு ஒரே கணக்கு: நாலுக்கு ஒண்ணு. ஏணி 12 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கணும். கீழே ஒருத்தர் பிடிச்சுக்கணும், போனைப் பார்த்துக்கிட்டுப் பிடிக்கக் கூடாது. ரெண்டு கால் ஒரு கை, இல்லைன்னா ரெண்டு கை ஒரு கால் எப்பவும் ஏணியில். எட்டலைன்னா இறங்கி ஏணியை நகர்த்தணும், எக்கக் கூடாது. முருங்கை மரத்தில் மட்டும் யாரும், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், ஏற வேண்டாம். நல்லா தடிமனா இருக்கிற கிளையே பட்டுன்னு முறியும் என்பது நம்ம பாட்டிகள் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

இரும்புத் தொரட்டி

இந்தப் பகுதிக்கு ஃபைனான்ஸ் கணக்கே இல்லை. கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயில் செய்த தொரட்டியோ அலுமினிய ஏணியோ போகவே கூடாது. பச்சை மூங்கிலும் ஈரக் கிளையும்கூட மின்சாரம் கடத்தும். கிளை வயரில் உரசினால் அதை வெட்டுற வேலை உங்களோடது இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் பண்ணி லைனை நிறுத்திட்டு வெட்டச் சொல்லுங்க. ரெண்டு மூணு தடவை போட வேண்டியிருக்கும், போடுங்க.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாதீங்க. வீட்டு கரண்ட்னா மெயினை ஆஃப் பண்ணுங்க. தெருக் கம்பின்னா கிட்டவே போகாமல் மின்வாரியத்துக்கும் 108-க்கும் சொல்லுங்க. தப்பிச்சு எழுந்து உட்கார்ந்தவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி எடுக்கணும், இதயத் துடிப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

புதருக்குள் கை விடும்போது

போன வருஷத்துத் தென்னமட்டை, உடைஞ்ச செங்கல், விறகு எல்லாம் குவிஞ்சு கிடக்கிற மூலையை இந்த லீவில்தான் சுத்தம் பண்ணுவோம். அங்கே எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் வரும். ஷூ போடுங்க, முதலில் நீளக் குச்சியால் தட்டிக் கிளறுங்க, அப்புறம் கையை விடுங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து வேலை செய்கிற விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்குற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்குது.

கடிச்சால் இறுக்கிக் கயிறு கட்டுறது, பிளேடால் கீறுறது, வாயால் உறிஞ்சுறது, மூணும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வச்சு, நடக்கவிடாமல் தூக்கிட்டுப் போங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வரத் தேவையில்லை. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, வீக்கமும் இருக்காது. வயிற்று வலி, கண் இமை சொருகுறது என்று சில மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கும். அதனால்தான் ஒண்ணும் இல்லைன்னு தோணினாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வச்சுப் பார்ப்பாங்க.

கணக்குப் பக்கம்: பாம்புக் கடி விபத்துக் கணக்கில் வரும். வருஷம் ₹20 கட்டுற பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் பாம்புக் கடிக்கும் மரத்திலிருந்து விழுறதுக்கும் போலீஸ் ரிப்போர்ட்டுக்குப் பதிலா, உடனே போன ஆஸ்பத்திரியோட பதிவே ஆதாரம். மந்திரிக்கப் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோட சேர்த்து அந்தப் பதிவும் சிக்கலாகும்.

அதே தோட்டத்தில் தேங்கின தண்ணீரில் வெறுங்காலோட நின்னு, காலில் இருந்த சிராய்ப்பு வழியா எலிக்காய்ச்சல் வந்தால்? அது நோய், விபத்து இல்லை. பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியில் வராது, புது மெடிக்கல் பாலிசியில் 30 நாள் காத்திருப்பும் பொருந்தும். தோட்ட வேலை முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நின்னதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

அரிவாள், பிரஷ் கட்டர், ஆன்லைன் ரம்பம்

கையடக்க பேட்டரி ரம்பம் இப்போ ஆன்லைனில் ரொம்ப மலிவா கிடைக்குது. பொம்மை மாதிரி இருக்கும், வெட்டுறது நிஜ வெட்டு. புல் வெட்டுற பிரஷ் கட்டர் கல்லைத் தெறிக்க வைக்கும். ஒரு பாதுகாப்புக் கண்ணாடியோட விலை கண் டாக்டரோட ஒரு தடவை ஃபீஸைவிடக் குறைவு. கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்க. ஏதாவது குத்தி நின்னால் பிடுங்காதீங்க, மேலே பேப்பர் கப்பைக் கவிழ்த்து மூடிட்டு நேரா கண் ஆஸ்பத்திரி.

வெட்டுக் காயத்தில் காப்பித் தூள் வைக்கிறதை நிறுத்துங்க. சுத்தமான துணியை வச்சு பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்க, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். ரத்தம் நின்ன பிறகு விரலை மடக்கி நீட்டிப் பாருங்க. மடங்கலைன்னா, நுனி மரத்துப் போயிருந்தால், நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். அதை உடனே தைத்தால் கை பழையபடி வரும், மாசக்கணக்கில் விட்டால் கஷ்டம். மண் பட்ட காயம், டி.டி ஊசி போட்டு அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மறுபடி போட்டுக்கணும். தென்னையிலோ சுவரிலோ கதண்டுக் கூடு இருந்தால் கல்லெறியாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்க, அவங்க வந்து அழிப்பாங்க.

மரம் ஏற வர்ற அண்ணன்

"அவரைக் கூப்பிட்டா மரத்துக்கு இவ்வளவு கேக்குறாரு"ன்னு அப்பா சொல்வார். அந்த சில நூறு ரூபாயை உங்க ₹60,000 எல்.ஓ.பி-க்குப் பக்கத்தில் வச்சுப் பாருங்க. இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை: உயரத்து வேலையைத் தெரிஞ்ச ஆளிடம் கொடுங்க, நீங்க கீழே சருகு கூட்டுங்க. மட்டை வெட்டும்போது மரத்தடியில் யாரையும் நிக்க விடாதீங்க.

ஆனால் அவர் விழுந்தால்? நமக்கு ஆறு வாரம் எல்.ஓ.பி. அவருக்கு முதல் நாளிலிருந்தே வருமானம் பூஜ்யம். லீவும் கிடையாது, குரூப் பாலிசியும் கிடையாது. உங்க மெடிக்கல் பாலிசி அவருக்கு ஒரு பைசா தராது. அதனால் வேலைக்குப் பேசும்போதே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இன்ஷூரன்ஸ் ஏதாவது போட்டிருக்கீங்களா?" தென்னை மரம் ஏறுறவங்களுக்குன்னே தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' காப்பீடு இருக்கு, பிரீமியத்தில் பெரும் பகுதியை வாரியமே கட்டுது. வருஷ வருமானம் ₹1,20,000-க்குள் இருக்கிற குடும்பம்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ₹20 பாலிசியை பேங்க் அக்கவுண்ட் இருக்கிற யாரும் எடுக்கலாம். பலருக்கு இதில் ஒண்ணுகூட இருக்காது. நீங்க லீவில் இருக்கிற ஒரு காலை நேரத்தில் அவரைக் கூட்டிட்டுப் போய் பேங்கில் படிவம் நிரப்பித் தர முடியும். கூலியைப் பேரம் பேசிக் குறைக்கிற நேரத்தில் அதைச் செய்யலாம்.

குடிச்சுட்டு வந்தால் வேலை கொடுக்காதீங்க. தீபாவளி நேரத்தில் இது சகஜம், "அவருக்குப் பழக்கம்தான்"னு விடுறவங்களும் உண்டு. போதையில் நடந்த விபத்துக்குத் தனியார் ஆக்சிடென்ட் பாலிசிகள் பணம் தராது. உங்களுக்கும் இதே விதிதான், முந்தின ராத்திரி நண்பர்களோட உட்கார்ந்துட்டு மறுநாள் காலையில் ஏணி ஏறுறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

அந்த ₹20 பாலிசி என்ன தரும்னு அளவாகத் தெரிஞ்சுக்குங்க. விபத்தில் இறந்தால் ₹2 லட்சம். ரெண்டு கண்ணோ, ரெண்டு கையோ காலோ முழுசா போனால் ₹2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் ₹1 லட்சம். எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் எதுவும் இல்லை. வயசு 18-லிருந்து 70 வரைக்கும். ஜூன் 1-லிருந்து மே 31 வரைக்கும் ஒரு வருஷம், மே கடைசியில் அக்கவுண்டிலிருந்து தானாகப் பிடிப்பாங்க. அந்த நேரம் அக்கவுண்டில் பணம் இல்லைன்னா பாலிசி நின்னுபோகும்.

ஊருக்குப் போன முதல் நாள், அரிவாளைத் தேடுறதுக்கு முன்னாடி அப்பாவோட பாஸ்புக்கைத் தேடுங்க. போன மே மாசம் அந்த ₹20 போயிருக்கான்னு பாருங்க. போகலைன்னா வருஷ நடுவிலும் சேரலாம், முழு ₹20-ஐக் கட்டணும், அவ்வளவுதான். அவரோட பேங்க் பிராஞ்சில் ஒரு பக்கப் படிவம், நாமினி இடத்தில் அம்மா பெயர்.